நியமனம் என்னும் சொல்லின் பொருள்

இக்காலத் தமிழில் நியமனம் என்றால் ஒருவரைப் பதவியில் அமர்த்துதல். இவ்வழக்கிலேயே பழகியோர், பூர்வாசார்யர்களின் வரலாற்றில் அச்சொல்லைக் காணுமிடமெல்லாம் ஒரு பதவிப்பேற்றையே காண்கின்றனர். அது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

‘நி’ என்னும் உபஸர்க்கத்தோடு கூடிய ‘யம்’ தாதுவுக்கு அடக்குதல், வரம்பில் நிறுத்துதல் என்று பொருள். ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் சரீரலக்ஷணம் அருளுமிடத்து, ஒரு சேதநனால் தன் ப்ரயோஜநத்துக்காக நியமிக்கவும் தரிக்கவும் படுவதாய், அவனுக்கே சேஷமாயிருக்கும் த்ரவ்யம் சரீரம் என்று நிர்ணயித்தார். ஆகவே நியமிக்கப்படுதலாவது பரதந்த்ரனாதல், அதிகாரம் பெறுதலன்று. தமிழிலும் பணித்தல் கட்டளையிடுதல், பணிதல் தாழ்தல் என இரண்டும் ஓரடியிற் பிறந்தமை நோக்கத்தக்கது.

இதற்கு நம்பிள்ளை கோஷ்டியிலேயே சான்று உண்டு. பெரியவாச்சான் பிள்ளை, ஆசார்ய நியமனத்தாலே திருவாய்மொழிக்கு இருபத்துநாலாயிரப்படி அருளினார். வடக்குத் திருவீதிப் பிள்ளையோ, பகலில் கேட்ட அர்த்தங்களை இரவில் பட்டோலை கொண்டார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதனைக் கண்ட நம்பிள்ளை உகந்தாராயினும், நியமனமின்றி எழுதியது தகாதென்று ஓலைகளை வாங்கிக்கொண்டு, பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளுக்கு அளித்தார் என்பது ஐதிஹ்யம்.

நியமனம் என்பது தகுதிக்குச் சான்றளித்தலாயின், இச்செயலுக்குக் காரணம் கூறவொண்ணாது. எழுதியவரிடம் ஞானக்குறைவில்லை, எழுதியதில் பிழையுமில்லை. குறைந்தது ஆசார்யனுடைய திருவாய்ச்சொல் ஒன்றே.

அங்ஙனமாயின், எம்பெருமானார் எழுபத்துநான்கு ஸிம்ஹாஸநாதிபதிகளை நியமித்ததாகக் குருபரம்பரை கூறுவது எங்ஙனே எனின், அங்கும் விரோதமில்லை. தர்சநத்தைப் பேணி வளர்க்கும் பாரமே அவர்கள்மேல் வைக்கப்பட்டது. ஸிம்ஹாஸநம் அக்கைங்கர்யத்துக்கு இடமேயன்றி அவர்களுடைய சொத்தன்று.

மாதவர் பெற்ற ஈடு ஓராண்வழியாய்த் திருவாய்மொழிப் பிள்ளையளவும் வந்து, மணவாள மாமுனிகளை அடைந்தது. அவர் அதனை நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு காலக்ஷேபம் சாதித்ததும் பெருமாள் நியமனத்தாலே என்றே பெரியோர் பணிப்பர். ஒருகால் நியமனமின்மையால் மறைந்த க்ரந்தம், நியமனத்தாலேயே வெளிப்பட்டது.

ஆகையால் ஒருவர் நியமிக்கப்பட்டார் எனக் கேட்டால், எப்பதவி பெற்றார் என்று வினவுதல் இக்கால வழக்கு. யாருடைய சொல்லுக்கு அடிமைப்பட்டார் என்று வினவுதலே ஸம்ப்ரதாயத்தில் அச்சொல்லுக்குச் சேரும்.