கடவுளின் கையா? களவுக் கையா?

2020 நவம்பர் 25-ஆம் நாள், கால்பந்து வீரர் மாரடோனா தமது 60-ஆம் வயதில் திடுமென மறைந்தார். அர்ஜென்டினா அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. அண்டையிலுள்ள கேரளத்தின் விளையாட்டுத் துறை இரண்டு நாள். நேப்பிள்ஸ் நகரமோ தன் ஆட்டத்திடலுக்கே அவர் பெயரைச் சூட்டியது.

போற்றட்டும், தடையில்லை. சேரியில் வளர்ந்த ஆலைத் தொழிலாளியின் மகன் உலகை வென்றான் என்றால், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வியர்வை சிந்தும் இளைஞனின் நெஞ்சும் நிமிரத்தானே செய்யும்!

ஆனால், போற்றுதல் வேறு, பூசனை வேறு. 1986-இல் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டிய பந்தைக் 'கடவுளின் கை' என்றார். மனிதன் செய்த களவுக்குக் கடவுள் பெயரால் மன்னிப்பு! நமக்கு இது புதிய கதையா? 1998-இல் அவருக்கெனத் திருச்சபையே கண்டனர் அன்பர்கள். போதைப்பொருளால் 1991-இல் 15 மாதத் தடை. 1994 உலகக் கோப்பையிலிருந்து ஊக்கமருந்தால் வெளியேற்றம். அவதாரமாக்கிவிட்டால் இவையெல்லாம் திருவிளையாடல்தானே!

அவ்வாரம் ஸ்பெயினில் ஒரு பெண்கள் ஆட்டம். எல்லோரும் நின்று மௌனம் காக்க, பவுலா டபேனா என்ற வீராங்கனை மட்டும் முதுகைத் திருப்பித் தரையில் அமர்ந்தார். நவம்பர் 25 பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் நாள்; வதைபட்ட பெண்களுக்கு இல்லாத மௌனம், பெண்ணை வதைத்தார் எனப் பழி சுமந்தவருக்கு எதற்கு என்றார். கிடைத்த விடை? கொலை மிரட்டல்!

மறைந்தாரை ஏசுவது நம் நோக்கமன்று. கால் காட்டிய கலையைப் போற்றுவோம். கை செய்த குற்றத்தைக் குற்றமென்போம். கேள்வி கேட்டவளை மிரட்டும் பக்தி, கோயிலில் பிறந்தாலென்ன, ஆட்டத்திடலில் பிறந்தாலென்ன? பகுத்தறிவுக்கு இரண்டும் பகையே!