மூலமும் உரையும்

அறிவியல் புனைவுப் படங்களின் இரண்டாம் பாகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்ப்பு தயாராக வந்து விழுகிறது: புதிரை அவிழ்ப்பது குற்றம். கூண்டில் ஏற்றப்படுவது பெரும்பாலும், குப்ரிக்கின் ‘2001’க்குத் தொடர்ச்சியாக வந்த பீட்டர் ஹையம்ஸின் ‘2010’ (1984). குப்ரிக்கின் மௌனத்துக்குப் போட்ட கோனார் நோட்ஸ் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். சிரித்தேன், ஒப்பவில்லை.

இத்துறையில் தொடர்ச்சி பழைய வழக்கம்தான். ‘பிரைட் ஆஃப் பிராங்கன்ஸ்டைன்’ (1935) முதற்படத்தையே விஞ்சியது. ‘பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்’ 1970 முதல் 1973 வரை ஆண்டுக்கொன்றாகப் பெருகி மலிந்தது. ‘எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ (1980) மானத்தைக் காத்தது. இவையெல்லாம் கதையை வளர்த்தவை. மூலத்தை உட்கார்ந்து வாசித்தது ‘2010’.

அதற்கு வழிவிட்டவர் ஆர்தர் சி. கிளார்க். அவருடைய ‘2001’ நாவலில் பயணம் சனிக் கோளுக்கு. குப்ரிக்கின் படத்தில் வியாழனுக்கு. 1982இல் இரண்டாம் நாவல் எழுதியபோது கிளார்க் தன் நாவலை விட்டுப் படத்தைப் பின்பற்றினார். கொழும்பிலிருந்த அவரும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்த ஹையம்ஸும் கணினி, மோடம் வழியே கடிதம் பரிமாறித் திரைக்கதையை விவாதித்தார்கள். அந்தக் கடிதங்கள் தனி நூலாகவும் வந்தன. குப்ரிக் பழைய மாதிரிகளை அழிக்கச் செய்திருந்ததால், டிஸ்கவரி விண்கலத்தைப் படச்சுருளைப் பார்த்துப் பார்த்தே மறுபடி கட்டினார்கள். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு நான்கும் ஹையம்ஸ்தான்.

பலன்? ஐந்து ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. ஹியூகோ விருது மட்டும் வந்தது.

குறைகள் உண்டு. பனிப்போர் காதைப் பிளக்கிறது. யூரோப்பாவில் இறங்கும் சீனக் கலம், நாவலின் மிகச் சிறந்த பகுதி, படத்தில் இல்லை. நாவலில் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளையாக இருந்த கணினி அறிஞர், திரையில் வெறும் சந்திராவாகி, பாப் பலபான் என்ற அமெரிக்க நடிகரின் முகத்தோடு வந்தார். நமக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் அந்தச் சந்திராவிடம்தான் படத்தின் உயிர் இருக்கிறது. டிஸ்கவரியின் கணினியான ஹால், ‘2001’இல் குழுவினரை ஏன் கொன்றது? பயணத்தின் நோக்கத்தைக் குழுவினரிடம் மறைக்கும்படி அதிகாரிகள் அதற்குக் கட்டளையிட்டிருந்தார்கள். தகவலைத் திரிக்காமல் சொல்லவே படைக்கப்பட்ட இயந்திரம் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே சிக்கிச் சிதறியது. பழி மனிதர் பக்கம் திரும்புகிறது. இறுதியில் அது அழியப்போவதை மறைக்காமல் ஹாலிடம் சொல்கிறார் சந்திரா. உண்மை தெரிந்ததும் ஹால் ஒத்துழைக்கிறது. கொலைகார இயந்திரத்தைக் காவலனாக்கியதற்காக ‘டெர்மினேட்டர் 2’ (1991) இன்றும் கொண்டாடப்படுகிறது. ஹாலுக்கு அதற்கு ஏழாண்டு முன்பே நியாயம் கிடைத்துவிட்டது, துப்பாக்கிச் சத்தம் இல்லாமல்.

‘பிளேடு ரன்னர் 2049’ (2017) போல மூலத்தின் முன் பக்தியோடு கைகட்டி நிற்பவை இப்போது மெச்சப்படுகின்றன. எனக்கு உரைகாரர்களே வேண்டும். குறளின் அழகு பரிமேலழகரால் குறைந்துவிடவில்லை. ‘2001’ஐ நாலு தடவை பார்த்தவர்கள், ‘2010’ பார்த்துவிட்டு ஐந்தாம் தடவை பாருங்கள். ஹாலின் சிவப்புக் கண்ணைப் பார்த்து முன்போலப் பயப்பட முடியாது.