கோட்டுக்குள் ஒரு வயிறு

இந்தப் பேச்சை எடுத்தவுடனே நண்பர் ஒருவர் கேட்டார்: “காரே இல்லாதவனுக்கு இதுல என்னய்யா இருக்கு?” நியாயமான கேள்விதான். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் வாகன நிறுத்தத்தில் தனி இடம் என்பது கார் வாங்க முடிந்தவர்களின் சமாச்சாரம். எனக்கும் கார் கிடையாது. ஆனாலும் தரையில் பூசப்பட்ட அந்தக் கோட்டை ஒரு பிரதியாக வாசிக்க முடியும் என்று தோன்றுகிறது. இது யாருக்கான இடம் என்று சொல்கிற கோடு, அந்த ஆள் எதன்பொருட்டு மதிக்கப்படுகிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

தேவை உண்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். பிரிட்டனில் வழக்கமான நிறுத்துமிடம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றால் கதவு பாதிதான் திறக்கும். எட்டு மாத வயிற்றோடு அந்த இடுக்கில் இறங்குவது எப்படி? பின்னிருக்கையில் வார் மாட்டி வைத்த குழந்தையைத் தூக்கவும் கதவு முழுசாகத் திறந்தாக வேண்டும். இதற்காக அங்குள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் வாசலுக்குப் பக்கத்தில் அகலமான இடங்களை ஒதுக்கி, தள்ளுவண்டிப் படம் வரைந்து வைத்திருக்கின்றன. ஆனால் இப்படி ஒதுக்கியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அது கடைக்காரர் தன் இடத்தில் வைத்துக்கொண்ட விதி. மாற்றுத்திறனாளிகளின் நீல அட்டைக்கோ 1970ஆம் ஆண்டுச் சட்டம் பின்னால் நிற்கிறது. ஒன்று உரிமை, மற்றது உபசாரம். அந்த உபசாரமும் கல்லாப்பெட்டி இருக்கிற வாசலில்தான் கிடைக்கிறது.

சரி, கடைக்காரரின் கையிலிருந்து அரசின் கைக்குப் போனால் இது உரிமையாகிவிடுமா? தென் கொரியாவின் சியோல் நகரத்தைப் பார்ப்போம். 2009இல் மேயர் ஓ செ-ஹூன் காலத்தில், பெண்களுக்கு இசைவான நகரம் என்ற திட்டத்தின் கீழ் நிறுத்துமிடங்களில் இளஞ்சிவப்புக் கோடுகள் வந்தன. பாவாடை கட்டிய ஓர் உருவமும் வரையப்பட்டது. இரவில் தனியாக வருகிற பெண்ணின் பாதுகாப்பு, குழந்தையோடு வருகிறவளின் வசதி இரண்டுமே காரணமாகச் சொல்லப்பட்டன. பெண்ணுக்கு வண்டியை நிறுத்தத் தெரியாது என்கிற பழைய கிண்டலுக்கு அரசே வண்ணம் பூசித் தருகிறது என்று ஒரு தரப்பு சொன்னது. ஆண்களுக்கு அநீதி என்று இன்னொரு தரப்பு கத்தியது.

2023இல் அதே மேயர், மறுபடி பதவிக்கு வந்திருந்த நிலையில், அந்த இடங்களைக் குடும்பங்களுக்கான இடங்களாக மாற்றினார். பாவாடை உருவம் போயிற்று. கர்ப்பிணிகள், குழந்தையோடு வருகிறவர்கள், நடக்கச் சிரமப்படும் முதியவர்கள் உள்ளே வந்தார்கள். இதில் ஒரு முன்னேற்றம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையைத் தூக்கி வரும் அப்பனுக்கும் இப்போது இடம் உண்டு. குழந்தை என்றாலே அம்மா என்கிற சமன்பாடு அந்த அளவில் உடைகிறது.

ஆனால் கோட்டுக்கு வெளியே போனது யார்? இரவில் தனியாக வண்டியெடுக்க வரும் பெண். பிள்ளை பெறாதவள், பெற விரும்பாதவள். அந்த ஆண்டு தென் கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 0.72, சியோலில் 0.55. பிறப்பு குறைகிறதே என்று ஓர் அரசு பதறும் நேரத்தில் ‘பெண்’ என்ற சொல்லின் இடத்தில் ‘குடும்பம்’ என்ற சொல் வந்து உட்காருகிறது. இதைத் தற்செயல் என்று என்னால் வாசிக்க முடியவில்லை. 2009இல் பெண்ணாக இருந்தால் போதும். இப்போது வயிறோ மடியோ நிறைந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இன்னொரு வழியில் போயிற்று. 2025 ஜூலை 1 முதல் அங்கே கர்ப்பிணிகள் தற்காலிக அனுமதி அட்டை பெற்று, மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் வண்டியை நிறுத்தலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவணரசின் அளவுகோல்படி நூறு வண்டி நிற்கும் இடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சம் 4 இடங்கள். புதிய சட்டம் இந்த எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. சக்கர நாற்காலிக்காரரின் பங்கிலிருந்து எடுத்துக் கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்த புண்ணியத்தை அரசு வாங்கிக்கொண்டது. தேவை உள்ள இரண்டு பேர் ஒரே இடத்துக்காக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். மீதி 96 இடங்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதிகாரத்துக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு வேறென்ன?

அதே மாநிலத்தில் 2024 மே மாதத்திலிருந்து ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்புக்குத் தடை, சில விலக்குகள் தவிர. அதே நாட்டில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வார விடுப்பு, அதுவும் சம்பளமில்லாமல். தனியாரிடம் வேலை பார்ப்பவளுக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தரும் நடுவணரசுச் சட்டம் அங்கே இல்லை. பெறுவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யக் கூடாது, பெற்றபின் வீட்டிலிருக்கச் சம்பளம் கிடையாது, ஆனால் வண்டியை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம்! விடுப்புக்குக் காசு வேண்டும். கோடு போட ஒரு டப்பா பெயின்ட் போதும்.

“அப்ப இந்த இடமே வேண்டாங்கிறீங்களா?” என்று நண்பர் மடக்கினார். இல்லை. கதவு முழுசாகத் திறக்கிற இடம் வேண்டும், கூடுதலாகவே வேண்டும். அது வயிற்றுக்குத் தரும் மரியாதையாகவோ நாட்டுக்குப் பிள்ளை பெற்றுத் தந்ததற்கான பரிசாகவோ இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். அகலமான கதவு தேவைப்படுகிறவர், அதிக தூரம் நடக்க முடியாதவர், இருட்டில் தனியாக வருகிறவர் என்று தேவைகளை வைத்து எண்ணினால் நூற்றுக்கு நாலு போதாது என்பது உடனே தெரிந்துவிடும். அப்படி எண்ண ஆரம்பித்தால், காரே இல்லாமல் எட்டு மாத வயிற்றோடு பஸ்ஸுக்கு நிற்பவளையும் எண்ண வேண்டி வரும். நண்பரின் முதல் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். எந்தக் கோட்டுக்குள்ளும் இன்னும் வராதவள் அவள்தான்.