கோபத்தோடு செபிக்கலாமா?

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. தலித் தன்வரலாறு என்றே கல்லூரிகளில் அதை அறிமுகம் செய்கிறோம். சரிதான். ஆனால் கடவுளைத் தேடிப் போன ஒரு பெண்ணின் கதையும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பக்கங்களை ‘மதத்தின் மீதான விமர்சனம்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். பாமா விட்டு வந்தது மடத்தை. செபத்தையும் விட்டுவிட்டதாக எனக்குப் படவில்லை.

சிறுவயதில் அவருக்குக் கிடைத்த பக்தி பயத்தோடு வந்தது. பூசை, ஞானோபதேசம், பாவக் கணக்கு, பிரம்பு. இதே ஊரில்தான் பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்கிறாள். அவர்கள் மேலிருந்து ஊற்றும் தண்ணீரைக் கை குவித்துக் குடிக்கிறாள். சோறு போடுகிறவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று பேத்தியை அடக்குகிறாள். தெருவில் கற்ற பணிவையும் கோவிலில் கற்ற பணிவையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பதுதான் நூலின் கூர்மையான இடம். பிறகு ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று மடத்தில் சேர்கிறார். ஏழ்மைக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாக வாழ்கிறார்கள். பள்ளியில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். சாதியும் அங்கே இருக்கிறது. நேரம் தவறாத செபங்களுக்கு நடுவே அவர் வேதாகமத்தில் அநீதியைக் கண்டு கோபப்படும் கடவுளைப் பார்க்கிறார். இந்தக் கடவுளை எனக்கு ஏன் யாரும் சொல்லித்தரவில்லை என்று கேட்கிறார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறுகிறார். அந்தக் கேள்வியையே ஒரு செபமாக நான் வாசிக்கிறேன்.

நான் வசிக்கும் மாடம்பாக்கத்தில் பாமாவின் கத்தோலிக்கத்தைவிடப் பெந்தெகொஸ்தே சபைகளின் குரல்தான் அதிகம் கேட்கும். இங்கே ‘செபம்’ ‘ஜெபம்’ ஆகிவிடும். சேலையூர், தாம்பரம் வரைக்கும் பகல் நேரத்தில் பெண்கள் கூடும் வீட்டு ஜெபக் கூட்டங்கள் உண்டு. கணவனின் குடி, மகனின் வேலை, சீட்டுப் பணம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் போன சாமான்கள் என்று எல்லாம் அங்கே விண்ணப்பமாக வந்திருக்கின்றன. இதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. தன் துன்பத்தை ஒரு பெண் குறுக்கீடில்லாமல் பேச வேறு எந்த இடத்தை நாம் அவளுக்குக் கொடுத்திருக்கிறோம்? இடறல் அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. தீர்ந்த துன்பத்துக்குச் ‘சாட்சி’ என்று பெயர். மேடை உண்டு, கைதட்டல் உண்டு. தீராத துன்பத்துக்கு, “பொறுமையா இருங்க சிஸ்டர், ஜெபிச்சுக்கிட்டே இருங்க.” வருடம் போகப் போக அதுவும், “உங்க விசுவாசம் பத்தல” என்று மாறும். அடிபட்டவளே குற்றவாளியாகிவிடுவாள்.

இந்தக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் அன்னாள் கதையைக் கவனியுங்கள். சீலோவில் அவள் உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள். குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி கண்டிக்கிறான். அவள் பணிந்து போகவில்லை. நான் குடிக்கவில்லை, மனம் கசந்து பேசுகிறேன் என்று அவனைத் திருத்துகிறாள். பிரசங்கங்கள் இதைத் தாண்டி, பிறந்த பிள்ளையிடம் போய்விடுகின்றன. பிள்ளை பிறக்காமலே போயிருந்தாலும் அவள் ஏலிக்குச் சொன்ன பதில் பதில்தான்.

‘கருக்கு’ சாட்சியாக முடியாததை இதனால்தான் முக்கியமாக நினைக்கிறேன். மடத்தைவிட்டு வந்தவருக்கு வேலை இல்லை, வெளியுலகில் எப்படி வாழ்வது என்ற திகைப்பு இருக்கிறது. கடவுள் வழி திறந்தார் என்று அவர் முடித்து வைக்கவில்லை.

நூலில் எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. அதற்கு 1994இல் வந்த ‘சங்கதி’க்குத்தான் போக வேண்டும். அங்கே செபத்தைவிட வசவும் பாட்டும் பேய் பிடித்த பெண்களும் அதிகம். முழங்காலில் இருந்து சொல்ல முடியாததைப் பேய் பிடித்தவள் நடுத்தெருவில் சொல்லிவிடுகிறாள். அதைத் தனியாக எழுத வேண்டும்.