இந்தா, வாப்பா வாறார்

ரவிவர்மா 1893இல் தீட்டிய ‘அதோ, அப்பா வருகிறார்’ ஓவியத்தில் அப்பா இல்லை. வெண்முண்டு உடுத்து நிற்கிறாள் ஓவியரின் மகள் மகாபிரபா. கையில் ஆண்குழந்தை, காலடியில் நாய். எல்லார் கவனமும் சட்டத்துக்கு வெளியே, நமக்குத் தெரியாத ஒரு படலையின் பக்கம்.

நயம் அவள் நிற்பில் இருக்கிறது. புருசன் வருகிறான் என்று ஓடவில்லை, முந்தானையைச் சரிசெய்யவில்லை. நின்ற இடத்தில் நின்றே பிள்ளைக்குக் காட்டுகிறாள். குழந்தையின் பாரத்தை வாங்கிக்கொண்ட அந்த உடம்பில் அவசரம் என்பதே இல்லை.

கேரளத்துத் தாய்வழி முறையான மருமக்கள்தாயம் தளர்ந்து, தகப்பனைச் சுற்றிய குடும்பம் தலையெடுத்த காலத்தின் குறி என்று விமர்சகர்கள் இப்படத்தைப் படிப்பார்கள். நாயையும் ஐரோப்பியப் படங்களில் வரும் விசுவாசச் சின்னம் என்பார்கள். இருக்கட்டும். இலங்கையின் கிழக்குக்கரைப் பாண்டிருப்பில் பிறந்த கண்ணுக்கு முதலில் எழும் கேள்வி வேறு: வீடு யாருடையது?

எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் பெட்டி தூக்கிக்கொண்டு வருவார். குடி என்கிற குலவழியும் தாயின் வயிற்றுவார் வழியேதான். திரௌபதை அம்மன் கோயிலடித் தமிழருக்கும், பக்கத்து மருதமுனையில் தறி போட்ட முஸ்லிம்களுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. “இந்தா, வாப்பா வாறார்” என்று பிள்ளைக்குக் காட்டுகிற உம்மா தன் சொந்த வாசலில் நின்றுதான் காட்டுகிறாள். மகாபிரபாவின் நிதானத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். வருகிறவர் அப்பாவாக இருக்கலாம், வாசல் அவளுடையது.

பின்னால் நடந்ததும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. ஓவியத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 1895இல், மகாபிரபாவுக்குப் பிறந்த பெண் சேது லட்சுமி பாயி. 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் அவளைத் தத்தெடுத்தது. 1924 முதல் 1931 வரை அவரே அந்நாட்டை ஆண்டார். பெண் வழியில் வாரிசு தேடிய அரண்மனைக்கு, படத்தில் செல்லமாக ஏந்தப்பட்டிருக்கும் பையன் தேவைப்படவில்லை.

ரவிவர்மாவும் 1866இல் மாவேலிக்கரைக் குடும்பத்தில் பெண் எடுத்தவர். வீட்டில் தங்கியதைவிட ஊர் ஊராய்ப் படம் எழுதித் திரிந்ததே அதிகம். அவரும் வந்துபோன அப்பாதான். இந்தப் படத்துக்காகத் தூரிகையோடு மகளுக்கு எதிரே நின்றபோது, அவள் கண் அவர் பக்கம் திரும்பவில்லை.