கொலைப் புதிரும் விசித்திர மாந்தரும்

பழைய பாணிக் கொலைப் புதிர் நாவலுக்கு முதல் தேவை, ஒருவரையொருவர் முழுதாக அறியாத சிலர் ஒரே கூரையின்கீழ்ச் சில நாள் தங்கும் இடம். ஆங்கில நாவல்களில் அது கிராமத்து மாளிகை. தமிழ்நாட்டில் குற்றாலத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அடுத்தடுத்த அறைகளில் தங்குகிறார்கள். ஊற்றுமலை, சிவகிரி, சொக்கம்பட்டி என்று ஜமீன்கள் சூழ்ந்த வட்டாரம் இது. தென்காசி சென்னை மாகாணத்தில் இருக்க, பக்கத்துச் செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி எல்லைக்குள் இருந்தது. அந்நாளில் சில மைல் நடந்தால் குற்றவாளி வேறொரு போலீஸின் அதிகாரத்துக்குள் போய்விடலாம். நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்!

இத்தகைய கதையில் ஏழெட்டுப் பேர் மீது சந்தேகம் விழும். வெறும் பெயர்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது கடினம். ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்குத்தனம் இருந்தால் ஆள் மனத்தில் பதிந்துவிடுகிறார். அதைவிடப் பெரிய பயன், தடயத்தை மறைக்க அது உதவுவது. அகதா கிறிஸ்டியின் 1926-ஆம் ஆண்டு நாவலான 'ரோஜர் அக்ராய்டின் கொலை'யில் வரும் கரோலின், ஊர்வம்பு அத்தனையும் வீட்டில் இருந்தபடியே திரட்டுபவர். வாசகர் அந்த வம்பை ரசித்துக்கொண்டிருக்கும்போதே தேவையான செய்திகள் காதில் விழுந்துவிடுகின்றன. குணமும் கதையும் இங்கே பிரிக்க முடியாதவை.

தமிழில் இந்த விசித்திரம் பெரும்பாலும் துப்பறிபவரிடம் சேர்ந்தது. தேவனின் சாம்பு அதன் உச்சம். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். தற்செயல் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சாம்புவின் வெற்றிகளோ பெரும்பாலும் தற்செயலாலேயே வருகின்றன. நகைச்சுவையாக அது அருமை. ஆனால் கூடவே யோசித்து விடையை எட்டும் இன்பம் வாசகருக்குக் கிடைப்பதில்லை.

மேலும் கடுமையான குறை ஒன்று உண்டு. வீட்டாருக்கு விசித்திரம் குணமாக அமைகிறது. வேலைக்காரர், மலைவாசி, மந்திரவாதி ஆகியோருக்கு அது பிறப்போடு ஒட்டிய முத்திரையாகிவிடுகிறது. அவர்கள் மீது பொய்ச் சந்தேகம் விழச் செய்வது எளிது என்பதாலேயே எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப அவர்களிடம் போகிறார்கள். இது சோம்பல் மட்டுமன்று, அநீதியும்கூட.

சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' இந்தப் பொறியில் பெருமளவு சிக்கவில்லை. நாட்டுப்பாடல் சேகரிக்க வந்து ஜமீன் வீட்டில் தங்கும் கல்யாணராமனின் ஆர்வம் வெறும் அலங்காரமன்று. யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேச்சுக் கேட்க அது அவனுக்கு உரிமை தருகிறது. கிராமத்துப் பெண் வெள்ளியும் ஊர்க்காரர்களும் அவன் கண்வழியே காட்சிப்பொருளாகத் தெரியும் இடங்கள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1980-களில் பெருகிய மாத நாவல்களில் பக்கம் குறைவு, வேகம் அதிகம். அங்கே இத்தகைய மாந்தருக்கு இடமே இல்லாமல் போயிற்று. கொலையாளி யார் என்று தெரிந்தபின் அவற்றுள் பலவற்றை மறுபடி எடுக்கத் தோன்றாது. கரோலினுக்காகவோ முடிவு தெரிந்த நாவலையும் மீண்டும் படிக்கலாம்.