வேதியர் ஒழுக்கமும் பரமார்த்த குருவும்: சமயத் தலைமைக்குரிய தகுதி

வீரமாமுனிவரின் (1680–1747) ‘வேதியர் ஒழுக்கம்’ தமிழ் உரைநடை வரலாறுகளில் ஒரு படிநிலையாகக் குறிக்கப்படுவதோடு நின்றுவிடுகின்றது. அந்நூல் எதைக் கூறுகின்றது என்பதினும் எந்நடையில் கூறுகின்றது என்பதே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. சமயம் கற்பிப்போர் எத்தகையோராய் இருத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கென்றே எழுந்த நூலுக்கு இது போதிய மதிப்பீடு ஆகாது.

1727இல் எழுதப்பட்ட இந்நூலின் தலைப்பே ஆய்வுக்குரியது. வேதியர் என்னும் சொல் மறையோதும் அந்தணரைக் குறித்து வழங்கியது. கத்தோலிக்கத் திருச்சபையில் அது மறைக்கல்வி புகட்டும் பொதுநிலையினரைக் குறிக்கலாயிற்று. அச்சொல்லோடு ஒழுக்கம் இணையும்போது 134ஆம் குறள் நினைவுக்கு வருதல் இயல்பு. ஓதியது மறந்தால் மீளக் கற்கலாம். ஒழுக்கம் குன்றினால் பார்ப்பானின் பிறப்புக் கெடும் என்பது அதன் பொருள். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த முனிவர் இக்குறளை அறியாதவர் அல்லர். ஆயின் அவர்தம் வேதியர்க்குப் பிறப்பால் வந்த பெருமை யாதுமில்லை. குன்றினால் கெடுவது ஏற்ற பணியே.

விவிலியத்திலும் இத்தகைய நகர்வு உண்டு. லேவியர் நூலின் 21ஆம் அதிகாரம் ஆரோனின் வழிமரபில் வந்த குருவுக்கு உடற்குறை இன்மையையும் விதிக்கின்றது. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 3ஆம் அதிகாரமோ குலத்தையும் உடலையும் பேசாது, குறைகூறலுக்கு இடமளியாமை, பண ஆசையின்மை, இல்லத்தை நன்கு நடத்துதல் என வாழ்வையே அளவுகோலாக்குகின்றது. அப்பட்டியலில் கற்பிக்கும் ஆற்றலுக்குக் கிடைப்பது ஒரு சிறு தொடர் மட்டுமே. சபைக்குப் புறத்தாரிடமும் நற்பெயர் வேண்டும் என அப்பகுதி முடிவது குறிப்பிடத்தக்கது. குருக்கள் எப்போதோ ஒருமுறை வந்துபோகும் சிற்றூரில், மனைவி மக்களோடு பிற சமயத்தார் நடுவே வாழ்ந்த வேதியர்க்கு இதனினும் பொருந்திய விதி வேறில்லை. தரங்கம்பாடியில் லுத்தரன் திருச்சபையார் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டிருந்தனர். கத்தோலிக்கரிடம் அன்று அத்தகைய அச்சுநூல் இல்லை. ஆதலின் ஊரார் படித்தறிய இருந்தது வேதியரின் நடத்தை ஒன்றே எனலாம்.

முனிவரின் பெயரால் வழங்கும் ‘பரமார்த்த குருவின் கதை’யையும் இவ்விடத்து இணைத்து நோக்குதல் தகும். லண்டனில் 1822இல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்த இந்நூலைப் போலிக் குருமார் மீதான அங்கதம் என்பர். அக்கருத்து முழுதும் ஏற்புடைத்தன்று. பரமார்த்த குரு வஞ்சகர் அல்லர். ஆறு உறங்குகின்றதா எனக் கொள்ளியால் சோதிக்கும் சீடரையும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென வாங்கிவரும் சீடரையும் அவர் மனமார நம்புகின்றார். வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் கடியும் வேடதாரி அவரிடத்து இல்லை. எசேக்கியேல் 34இல் மந்தையைப் பேணாது தம்மையே பேணும் ஆயர்களோடும் அவரை வைத்தல் இயலாது. நன்மனம் இருந்தும் தெளிவின்றேல் தலைமை என்னாகும் என்பதையே கதை காட்டுகின்றது. வேதியர் ஒழுக்கம் வெளிப்படப் பேசாத ஒரு தகுதியை நகைச்சுவை பேசிவிடுகின்றது.

முத்துசாமிப் பிள்ளை 1822இல் இயற்றிய முனிவரின் வரலாறு, அவரைப் பட்டுடையும் பல்லக்குமாகக் காட்டுகின்றது. அவ்வருணனையை அப்படியே ஏற்கத் தயங்குவோர் உளர். அஃது உண்மையெனின், புறத்தாரின் மதிப்பைத் தோற்றப் பொலிவாலும் ஈட்ட முயன்றவர், வேதியர்க்கு ஒழுக்கம் ஒன்றையே வழியாக விதித்தார் என்றாகும். இம்முரணையும் உளங்கொண்டே அந்நூல் மீள வாசிக்கப்பட வேண்டும்.